விதையை உடைக்காமல் உள்ளே பார்க்கும் காந்த முறை

நங்கநல்லூர்க் கடைத்தெருவில் மாம்பழம் வாங்குவோர் பழத்தைக் கையில் எடுத்துக் காம்பருகே முகர்ந்து, தோலை விரலால் அழுத்தி, நிறத்தையும் பார்த்தே வாங்குவது வழக்கம். இவ்வளவு பார்த்து வாங்கியும், வீட்டில் அறுக்கும்போது கொட்டைக்குள் வண்டு இருப்பதுண்டு. மாங்கொட்டை வண்டு பழம் பிஞ்சாய் இருக்கும்போதே அதன்மேல் முட்டையிடுகிறது. புழு உள்ளே சென்ற துளை, காய் பெருக்கப் பெருக்க மூடிக்கொள்கிறது. தோலின்மேல் அடையாளம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. விற்றவர் அறிந்து ஏமாற்றினார் என்று வாங்கியவர் எண்ணுகிறார், விற்றவரோ அறியவேயில்லை.

நிலக்கடலை, எள், ஆமணக்கு முதலிய எண்ணெய் வித்துக்களிலும் இதே சங்கடம் உண்டு. பருப்பில் எண்ணெய் நூற்றுக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதைக் கண்ணால் காண இயலாது. வியாபாரி ஒரு பருப்பைப் பல்லில் கடித்துப் பார்த்து விலை சொல்லுகிறார். விவசாயி மறுத்துப் பேச அவரிடம் வேறு அளவுகோல் இல்லை. ரசாயன சாலையில் சரியாக அளக்கலாம்; ஆனால் அதற்கு வித்தை இடித்துப் பொடியாக்கித் திராவகத்தில் ஊறவைத்து எண்ணெயை வடித்தெடுக்க வேண்டும். பல மணி நேரம் செல்லும். அளந்து முடிந்தபின் வித்து விதைக்கும் உதவாது, விற்பனைக்கும் உதவாது.

வித்தை உடைக்காமலும், பழத்தை அறுக்காமலும், செடியைப் பிடுங்காமலும் உள்ளே இருக்கும் நீரையும் எண்ணெயையும் அறியும் முறை ஒன்று உண்டு. காந்த ஒத்ததிர்வு என்பது அதன் பெயர். மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று யாவரும் அறிந்திருப்பது இதன் ஒரு கிளையே. உயிருள்ள பொருளையும் உயிரற்ற பொருளையும் இம்முறையால் படமெடுப்பதற்கான ஆராய்ச்சி, நங்கநல்லூரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள கிண்டியிலும் அடையாறிலும் நடந்துவந்திருக்கிறது. இதன் தத்துவம், விவசாயத்தில் இதன் பயன், இதனால் இயலாதவை, இதில் காக்கவேண்டிய எச்சரிக்கை ஆகியவை கீழே விவரிக்கப்படுகின்றன.

1. முறை தோன்றிய வரலாறு

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் அணுக்கரு என்னும் மிக நுண்ணிய பகுதி இருக்கிறது. சில அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப்போல் நடந்துகொள்ளுகின்றன. நீரிலும் எண்ணெயிலும் ஏராளமாக இருக்கும் ஹைட்ரஜனின் அணுக்கரு அவ்வகையைச் சேர்ந்தது. இக்காந்த குணத்தை அளக்கும் வழியை 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபி என்பவர் கண்டார். அதன்பின் பர்செல் என்பவரின் குழுவினர் மெழுகிலும், பிளாக் என்பவரின் குழுவினர் நீரிலும், 1945ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1946ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையில், தனித்தனியே இந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தனர். இவ்விருவருக்கும் 1952-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் பழைய பங்கு ஒன்று உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிலையத்தில் ஜி. சூர்யன் என்பவர், குழாயில் ஓடும் திரவத்தில் இந்த ஒத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1951-ல் வெளியிட்டார். நின்ற நீர் ஒருவிதமாகவும் ஓடும் நீர் வேறுவிதமாகவும் குறி காட்டும் என்பது அதனால் விளங்கிற்று. பிற்காலத்தில் உடலில் ரத்த ஓட்டத்தையும் செடியில் சாற்றின் ஓட்டத்தையும் அளப்பதற்கு இதே உண்மை உதவிற்று.

இக்குறிகளைக் கொண்டு படம் வரையலாம் என்று காட்டியவர் அமெரிக்க ரசாயன அறிஞரான லாட்டர்பர். சாதாரண நீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களைக் கனநீரில் நிறுத்தி, அவ்விரு குழாய்களின் இருப்பிடத்தைக் காட்டும் படத்தை 1973-ல் அவர் வெளியிட்டார். இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு என்பவர் இம்முறையை விரைவாக்கினார். 2003ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது.

2. காந்தத்தின் நடுவில் நிகழ்வது

பம்பரம் சுழலும்போது அதன் தலை மெதுவாக வட்டமிடுவதைச் சிறுவரும் பார்த்திருக்கின்றனர். பலமான காந்தத்தின் நடுவில் ஒரு வித்தை வைத்தால், அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அவ்வாறே வட்டமிடுகின்றன. காந்தத்தின் பலம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி வட்டமிடும் வேகம் அமையும்; பலம் இருமடங்கானால் வேகமும் இருமடங்காகும். மருத்துவமனைகளில் சாதாரணமாக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 லட்சம் தடவை அவை வட்டமிடுகின்றன. திசைகாட்டியின் ஊசியை வடக்கே திருப்பும் பூமியின் காந்தத்தைவிட இது முப்பதாயிரம் மடங்குக்கு மேல் பலமானது.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தக்க சமயத்தில் தள்ளினால், குழந்தையின் கைப்பலமே அதை உயரக் கொண்டுபோகும். தாளம் தவறித் தள்ளினால் பெரியவர் தள்ளியும் பயனில்லை. இங்கும் அப்படியே. அணுக்கருக்கள் வட்டமிடும் அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையை ஒரு நொடிப்பொழுது செலுத்தினால், அவை அதை ஏற்றுக்கொண்டு நிலை சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்வரை தாமே ஒரு மெல்லிய வானொலிக் குறியை வெளியிடுகின்றன. வித்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதைப் பிடித்துக்கொள்ளுகிறது. தாளம் ஒத்தபோது மட்டும் நிகழும் அதிர்வாதலின் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர் ஏற்பட்டது.

குறி மிக மெல்லியதாய் இருப்பதற்குக் காரணம் உண்டு. அணுக்கருக்களில் ஏறக்குறைய பாதி காந்தத்தின் திசையிலும், மற்றப் பாதி எதிர்த்திசையிலும் நிற்கின்றன. ஒன்றையொன்று ஈடுசெய்து கழிந்ததுபோக, மருத்துவமனைக் காந்தத்தில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 5 அணுக்கருக்களே உபரியாய் நிற்கும். அவ்வுபரியே குறியைத் தருகிறது. ஆகவேதான் பலமான காந்தம் அவசியமாகிறது. இத்தகைய காந்தத்தின் கம்பிச்சுருள் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் வைக்கப்படுகிறது. அக்குளிரில் கம்பி மின்சாரத்தைத் தடையின்றிச் செல்லவிடும்.

நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேற்றுமை தெரிவது எவ்வாறு? குறி மறையும் காலத்தைக் கொண்டு. மாவும் புரதமும் போன்ற கெட்டிப்பொருள்களிலிருந்து வரும் குறி, விநாடியின் லட்சத்தில் சில பங்குக்குள் மறைந்துவிடும். காய்ந்த வித்தில் மாவோடும் புரதத்தோடும் ஒட்டியிருக்கும் ஈரத்தின் குறி அதைவிடச் சற்று நீடிக்கும். எண்ணெயின் குறி அவற்றுக்கெல்லாம் பின்னும் நிற்கும். கோவில் மணியும் தகரமும் மரக்கட்டையும் ஒரே சமயத்தில் அடிக்கப்பட்டால், கடைசிவரை ஒலிப்பது மணியே என்று இருட்டிலும் சொல்லிவிடலாம் அல்லவா? அதைப்போன்றதே இது.

3. படம் உண்டாகும் விதம்

மேற்கண்ட வகையில் வித்தினுள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாது. இடத்தை அறிய வேறோர் உபாயம் வேண்டும்.

இரவில் மந்தை மேயும்போது, ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் வெவ்வேறு ஒலியுள்ள மணி கட்டியிருந்தால், மேய்ப்பவர் கண்ணால் பாராமலே எந்த மாடு ஒலிக்கிறது என்று சொல்லுவார். மாடுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தால், ஒலியைக் கேட்டே இடத்தையும் சொல்லிவிடுவார். படமெடுக்கும் யந்திரத்தில் செய்யப்படுவது இதுவே. காந்தத்தின் பலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சிறிது சிறிதாக உயரும்படி அமைக்கின்றனர்; வாய்க்காலுக்கு வாட்டம் வைப்பதுபோல் என்று கொள்ளலாம். பலம் மாறினால் வேகம் மாறும் என்று முன்னரே கண்டோம். ஆதலின் பழத்தின் இடப்பக்கத்து நீர் ஒரு சுருதியிலும், வலப்பக்கத்து நீர் மற்றொரு சுருதியிலும் குறி தருகின்றன. வாட்டத்தை மேல்கீழாகவும் முன்பின்னாகவும் மாற்றி மாற்றி வைத்துக் குறிகளைச் சேகரித்து, கணிப்பொறி அவற்றைப் பிரித்துக் கூட்டிப் படமாக்குகிறது. பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்ததுபோல் படம் கிடைக்கும். பழமோ நறுக்கப்படாமல் முழுதாய் இருக்கும்.

இதில் எக்ஸ்ரே போன்ற கதிர் இல்லை. அணுக்கரு என்ற சொல்லைக் கேட்டு அணுகுண்டை நினைத்து அஞ்சவேண்டுவதும் இல்லை. இங்கு அணுக்கரு பிளக்கப்படுவதில்லை. சற்றுச் சாய்ந்து நிமிர்கிறது, அவ்வளவே. இவ்வச்சம் மக்களிடையே பரவாமல் இருக்கவே மருத்துவர்கள் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிவிட்டனர்.

4. சென்னையில் நடந்த வேலை

கிண்டியில் 1959-ல் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அடையாறில் 1948-ல் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறை வளர்ந்தது. தோல் நிலையத்திலும் பின்னர் தொழில்நுட்பக் கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் ந. சந்திரகுமார், பொருள்களையும் உயிர்ப்பொருள்களையும் படமெடுக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அக்கழகத்தின் ரசாயனப் பகுதியில் காந்த ஒத்ததிர்வுப் படத்துக்கென்றே ஒரு நிலையமும் அமைந்தது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் சுப்பிரமணியனும் அவரும் சேர்ந்து இத்துறையின் நவீன உபாயங்களைப்பற்றி எழுதிய ஆங்கில நூல் 1987-ல் வெளிவந்தது.

முறையைச் செம்மைப்படுத்துவது என்றால் என்ன என்று கேட்கக்கூடும். நல்ல கலப்பை கிடைத்தால் மட்டும் உழவு நேர்த்தியாகிவிடாது. எவ்வளவு ஆழம், எந்தப் பதம், எத்தனை சால் என்ற அறிவும் வேண்டும். அதேபோல், காந்தத்தை விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் அலையை எப்போது, எவ்வளவு நேரம், எந்த வரிசையில் செலுத்துவது என்பதை அறிஞர் வகுக்கவேண்டும். நீரை மறைத்து எண்ணெயை மட்டும் காட்டுவதும், ஒரு சிறு பகுதியின் குறியை மட்டும் பிரித்தெடுப்பதும், ஒரு மணி நேரத்து வேலையைச் சில நிமிஷங்களில் முடிப்பதும் இவ்வகுப்பைப் பொறுத்தவை. மனித உடல் கொள்ளும் பெரிய யந்திரத்தில் ஒரு கடலைப் பருப்பு தெளிவாகத் தெரியாது. கம்பிச்சுருள் பொருளை நெருங்கிச் சூழ்ந்திருந்தால்தான் மெல்லிய குறி பிடிபடும். ஆகவே ஆராய்ச்சிச் சாலைகளில் விரல் நுழையும் அளவான சுருளும், மருத்துவமனையில் உள்ளதைவிடப் பன்மடங்கு பலமான காந்தமும் உபயோகிக்கின்றனர்.

5. எண்ணெய் வித்துக்கள்

விவசாயத்துக்கு இம்முறையால் விளைந்த பெரும் பயன் படத்தால் அன்று, அளவால் வந்தது. அதற்குச் சான்றாக மக்காச்சோளத்தின் கதையைக் கூறலாம்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1896-ல் ஹாப்கின்ஸ் என்பவர் எண்ணெய் அதிகமுள்ள மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார். ஒரு கதிரில் சில மணிகளை எடுத்து அரைத்து ரசாயன முறையில் அளந்து, எண்ணெய் மிகுந்திருந்தால் அக்கதிரின் மற்ற மணிகளை விதைத்தார். அரைத்த மணி போயிற்று. விதைத்த மணியில் எவ்வளவு எண்ணெய் என்பது ஊகமே. ஒரே கதிரில் மணிக்கு மணி வேற்றுமை இருக்கும் அல்லவா? 1960களில் அதே பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் என்பவர் காந்த ஒத்ததிர்வால் ஒவ்வொரு மணியாக அளந்தார். எண்ணெய் மிகுந்த மணி எதுவோ அதே மணியைப் பின்னர் நிலத்தில் ஊன்றினார். அளந்ததும் விதைத்ததும் ஒன்றே ஆனதால் தேர்வு துல்லியமாயிற்று, காலமும் குறைந்தது.

நம் நாட்டில் ஹைதராபாத்துக்கு அருகில் பட்டன்சேருவில் 1972-ல் ஸ்தாபிக்கப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிஸாட்டில், நிலக்கடலையின் எண்ணெயை இம்முறையால் அளந்து, ரசாயன முறையோடு ஒப்பிட்டு, 1985-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு புதிய ரகத்தை உண்டாக்குபவர் கலப்புச் செடியிலிருந்து பெறுவது சில பருப்புகளே. அவற்றை இடித்துவிட்டால் ரகம் அத்துடன் முடிந்தது. இடிக்காமல் அளக்க முடிந்தால், நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்து தக்கவற்றைத் தேர்ந்து மேற்கொண்டு பயிரிடலாம். நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு எண்ணெய் சாமானியமாக உண்டு. ஒரு ரகத்தில் இரண்டு பங்கு கூடினாலும், வண்டிக்கணக்கில் செக்குக்குப் போகும்போது அது பெருந்தொகை ஆகும்.

இவ்வேலைக்குப் பெரிய காந்தம் வேண்டுவதில்லை. மேஜைமேல் வைக்கத்தக்க சிறு யந்திரம் போதும். குளிர்ந்த ஹீலியமும் வேண்டா. ஒரு மாதிரியை அளக்க ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. இதற்கெனச் சர்வதேசத் தர அமைப்பு விதிமுறையும் வகுத்திருக்கிறது. ஆனால் வித்தின் ஈரம் நூற்றுக்கு 10 பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஈரம் மிகுந்தால் கட்டுப்படாத நீரின் குறியும் நீடித்து நின்று, எண்ணெயின் குறியோடு கலந்துவிடும். சரியாகக் காயாத சரக்குக்கு யந்திரமும் சரியான விடை கூறாது என்பதை விவசாயிகள் குறித்துக்கொள்ளவேண்டும்.

6. செடிக்குள் ஓடும் நீரும் மண்ணுக்குள் ஓடும் வேரும்

செடி வேரால் நீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இலையில் உண்டான சர்க்கரைச் சாற்றைக் கீழே அனுப்புகிறது. மேலே செல்லும் ஓட்டத்தைப் பலவகையில் அளந்துவிடலாம். கீழே வரும் ஓட்டத்தை அளப்பதோ மிகக் கடினம். தண்டைச் சிறிது குத்தினாலும் அக்குழாய் தானே அடைத்துக்கொள்ளும்.

ஹாலந்து தேசத்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தினர் ஆமணக்கு, தக்காளி, புகையிலை, பாப்லர் மரம் ஆகியவற்றின் தண்டுகளைக் காந்தத்தினுள் நிறுத்தி, குத்தாமலும் கீறாமலும் இரண்டு ஓட்டங்களையும் அளந்து 2006-ல் வெளியிட்டனர். சூர்யன் கண்ட உண்மை இங்கே பயன்பட்டது. நான்கு செடிகளும் உருவில் வெவ்வேறானவை. ஆயினும் சர்க்கரைச் சாறு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், விநாடிக்கு 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை ஓடியது. மணிக்கு 3 அடி முதல் 4¾ அடி வரை என்று கணக்காகும்.

வேரைப்பற்றிய ஆராய்ச்சி அதற்கும் முந்தியது. பாட்டம்லி முதலியோர் 1986-ல் தொட்டியில் வளர்ந்த செடியின் வேரையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணோடு சேர்த்தே படமெடுத்தனர். ஜெர்மனியில் யூலிக் நகர ஆராய்ச்சி நிலையத்தில் சர்க்கரைக் கிழங்கு மண்ணுக்குள் பருப்பதையும், அதற்குள் சாறு சேர்வதையும் நாளுக்கு நாள் அதே செடியிலேயே பார்த்துவந்தனர். வழக்கமான முறையில் வேரைப் பார்க்கச் செடியைப் பிடுங்கிக் கழுவவேண்டும். நேற்றுப் பிடுங்கிய செடியை இன்று மறுபடியும் பார்க்க முடியாது. வறட்சியில் எந்த ரகத்தின் வேர் ஆழம் செல்லுகிறது என்பதை அறிய விரும்பும் நாட்டிற்கு இது சிறிய விஷயமன்று.

பழங்களையும் இவ்வாறே ஆராய்ந்திருக்கின்றனர். ஆப்பிள் பழத்தின் நடுவில் நீர்கோத்துக் கெடும் நோய் வெளியே தெரியாதது. அது படத்தில் தெளிவாகத் தெரிந்ததென்று 1988-ல் வெளியிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மாம்பழம் பழுக்கும்போது உள்ளே நிகழும் மாறுதல்களைப் படமெடுத்துப் பார்த்தனர். காய் பழுப்பது எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிகழ்வதில்லை என்பதை அறுக்காமலே காண இது வழி செய்கிறது.

7. இம்முறையால் இயலாதவை

நன்மைகளைக் கூறிக் குறைகளை மறைப்பது விவசாயிக்குச் செய்யும் உதவியாகாது. ஆகவே கீழ்க்கண்டவற்றையும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, படமெடுக்கும் யந்திரத்தின் விலை கோடிக்கணக்கான ரூபாயாகும். ஒவ்வொரு மாம்பழத்தையும் இதில் வைத்துப் பார்த்து விற்க முடியாது. மாங்கொட்டை வண்டைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே முறையே விரைவும் சிக்கனமும் உள்ளது. தோட்டக்காரருக்கு அதனினும் சிக்கனமானது, உதிர்ந்த பழங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி அழித்துத் தோட்டத்தைச் சுத்தமாக வைப்பதே.

இரண்டாவது, மண். நமது செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. இரும்பு காந்தத்தின் வாட்டத்தைக் கலைத்துவிடுவதால் படம் கோணலாகவும் மங்கலாகவும் விழும். ஆராய்ச்சியாளர் ஆற்றுமணலையோ இரும்பு குறைந்த மண்ணையோ தேர்ந்தெடுப்பது இதனாலேதான். மயிர்போன்ற நுண்வேர்களும் படத்தில் அகப்படுவதில்லை. தொட்டியில் கண்டதை வயலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லவும் கூடாது.

மூன்றாவது, முளைப்புத் திறன். வித்தில் எண்ணெய் எவ்வளவு என்று கூறும் யந்திரம், அது முளைக்குமா என்று கூறாது. அதற்குப் பழைய சோதனையே உண்டு. நூறு விதைகளை எண்ணி, ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டிவைத்து, முளைத்தவற்றை எண்ணவேண்டும். சான்று பெற்ற நிலக்கடலை விதைக்கு நூற்றுக்கு 70 முளைப்பு இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி.

நான்காவதாகக் கூறவேண்டுவது மிக முக்கியமானது. காந்தத்தில் வைத்து அளந்ததால் விதைக்கு வீரியம் கூடுவதில்லை; குறைவதும் இல்லை. அளப்பது வேறு, வளர்ப்பது வேறு. இவ்வாராய்ச்சியின் பெயரைச் சொல்லி, காந்தத்தில் பக்குவப்படுத்திய விதை என்றோ, காந்த நீர் என்றோ எவரேனும் அதிக விலை கேட்பாராயின், இவ்வாராய்ச்சி அதற்குச் சான்று ஆகாது என்பதைக் கிராம அதிகாரிகள் மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

8. மருத்துவமனை செல்வோர் கவனிக்கவேண்டியவை

இம்முறையை விவசாயக் குடும்பத்தார் நேரில் சந்திப்பது பெரும்பாலும் மருத்துவமனையிலேதான். இடுப்பு வலி, மூட்டு வலி, தலையில் அடி முதலியவற்றுக்கு மருத்துவர் இப்படத்தை எடுத்துவரச் சொல்லுகிறார். கதிர் இல்லாததால் பயமில்லை என்று முன்னே கூறப்பட்டது. ஆயினும் காந்தத்தின் இழுப்பு பயங்கரமானது. யந்திரம் ஓடாதபோதும் அது இருந்துகொண்டே இருக்கும். 2018-ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாகச் சென்ற ஒருவர், பிராணவாயு உருளையோடு அறைக்குள் நுழைந்து, காந்தம் உருளையை இழுத்ததால் உயிரிழந்தார். நோயாளியாக இல்லாமல் துணைக்குச் செல்வோருக்கும் எச்சரிக்கை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

விவசாயிகள் சிறப்பாக ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். கடப்பாரையைச் சம்மட்டியால் அடிக்கும்போதும், மண்வெட்டியையும் கொழுவையும் பட்டறையில் தட்டும்போதும், இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணில் பாய்வதுண்டு. சில நாள் உறுத்திப் பின் மறந்துபோயிருக்கும். ஆனால் துணுக்கு உள்ளேயே தங்கியிருக்கலாம். பலமான காந்தத்தில் அது அசைந்தால் பார்வை போய்விடும். எத்தனை வருஷத்துக்கு முன் நடந்ததாயினும் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்.

இதயத்துக்குத் துணைக்கருவி பொருத்தியவர்களும், எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்களும், காதில் கருவி பொருத்தியவர்களும், கர்ப்பிணிகளும் அவ்வாறே தெரிவிக்கவேண்டும். தாயத்து, அரைஞாண், மெட்டி, சாவிக்கொத்து, பேனாக்கத்தி ஆகியவற்றைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். தாயத்தின் குழல் வெள்ளியாயினும் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். பெண்கள் தாலியைக் கழற்றத் தயங்குவது இயல்பு. தங்கம் இழுக்கப்படாது எனினும் சூடேறுவதும் படத்தைக் கெடுப்பதும் உண்டு. கழற்ற மனமில்லாதவர் மருத்துவரிடம் கலந்து அவர் சொல்லுகிறபடி செய்வது நலம். யந்திரத்தினுள் பறையடிப்பதுபோல் பேரோசை கேட்கும். அது வாட்டத்தை மாற்றும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் எழும் ஒலியே. பயந்து அசைந்தால் படம் கெடும். பணமும் நேரமும் வீணாகும்.

9. விவசாயிகள் செய்யத்தக்கவை

எண்ணெய் வித்துக்களை ஆராய்ச்சிச் சாலைகளுக்கு அனுப்பி அளந்து விலை பேசும் வழக்கம் வளருமாயின், அதனால் பயனடைபவர் நல்ல சரக்கு வைத்திருப்பவரே. அதற்குச் சித்தமாக இருப்பதற்கு மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, காயவைத்தல். நிலக்கடலைக் காயை ஈரம் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்கு இறங்கும்வரை உலர்த்திப் பிறகே மூட்டை கட்டவேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே கடகடவென்று ஒலிக்கவேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் கழலவேண்டும். ஈரத்தோடு கட்டிய மூட்டையில் மஞ்சள் பூஞ்சணம் பிடித்து, அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். அது பிண்ணாக்கிலும் இறங்கி மாட்டையும் கெடுக்கும்.

இரண்டாவது, மாதிரி எடுத்தல். யந்திரம் தன்னுள் வைத்ததை மட்டும் அளக்கும். மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பினால், அது மூட்டையின் குணத்தைக் காட்டாது. மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும், பல மூட்டைகளிலும் எடுத்து, நன்றாகக் கலந்து, அதில் ஒரு பகுதியை அனுப்பவேண்டும். நல்லதைப் பொறுக்கி அனுப்புவதால் வரும் லாபம் ஒரு தடவைக்கே. பிறகு அவர் சரக்கை யாரும் நம்பார்.

மூன்றாவது, ரகத்தைக் கலக்காமை. இரண்டு ரகங்களை ஒரே களத்தில் அடித்துக் கலந்துவிட்டால், எந்த யந்திரமும் அதைப் பிரித்துத் தராது.

உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் யந்திரம் வந்துவிட்டபடியால் இனி விவசாயியின் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று எவரும் எண்ணவேண்டா. கடலையைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்ட முன்னோரும், வித்தைக் காந்தத்தில் வைத்து அதன் குறியைக் கேட்கும் அறிஞரும் தேடியது ஒன்றே. ஒருவர் செவியால் கேட்டார். மற்றவர் கம்பிச்சுருளால் கேட்கிறார். நன்றாக விளைந்து, நன்றாகக் காய்ந்து, நேர்மையாக மாதிரி எடுக்கப்பட்ட வித்து இரண்டு சோதனையிலும் தேறும்.